அன்னம்மாள் அங்கிக்கு அளவு கொடுத்தவள்

“நிமிந்து நில்லு தெரேசு. நீ கூன் போட்டா அன்னம்மாளும்ல கூன் போடுவாங்க.”

இப்படிச் சொல்லிக்கொண்டே ஜுலைகா லாத்தா என் பிடரியில் டேப்பின் பித்தளை முனையை வைப்பார். சில்லென்று இருக்கும். ஆனி மாதக் கடைசி, காலை பத்து மணி. காரைக்கால் பெரிய பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி காதர் பாயின் தையற்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் பூப்போட்ட ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நானும் பாயின் மனைவி லாத்தாவும். அந்தப் பக்கம் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு காதர் பாய்.

லாத்தா அளந்து சொல்வார். பாய் திருப்பிச் சொல்லி எழுதுவார். தோள் பதினாலரை. கழுத்து பதிமூன்று. தோளிலிருந்து குதிகால்வரை ஐம்பத்திரண்டு.

அளவு என்னுடையது, துணி என்னுடையதல்ல. எங்கள் கோயில் பங்கின் பாதுகாவலி புனித அன்னம்மாளுக்கு, அதாவது மாதாவைப் பெற்ற தாய்க்கு, ஆடித் திருவிழாவில் வருஷா வருஷம் புதிதாகச் சாத்துகிற பச்சை வெல்வெட் அங்கி அது. எழுபதுகளில் பெரும்பகுதியும் எண்பதுகளில் கொஞ்சமுமாகப் பன்னிரண்டு திருவிழாக்களுக்கு நான்தான் அந்த அங்கிக்கு அளவு கொடுத்தேன். நடுவில் ஒரே ஒரு வருஷம் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வாரம் அந்தக் கதை.

புது நகரும் பழைய சுரூபமும்

நாங்கள் குடியிருந்தது ஊருக்கு மேற்கே, திருநள்ளாறு சாலையிலிருந்து பிரிகிற ஒரு புது நகர். நகர் என்று பெயர்தானே தவிர, பாதி வீடுகளுக்குப் பூச்சு வேலை முடிந்திருக்காது. கோயிலுக்குப் பின்சுவரை ஒட்டி வயல். ஆடிக் காற்று அடிக்கும்போது பூசைப் புத்தகத்தின் பக்கம் தானே புரளும். சாமியார் இரண்டு கூழாங்கல்லைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டுதான் வாசிப்பார்.

சனிக்கிழமைகளில் வழி தவறிய திருநள்ளாறு பக்தர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று, சனீஸ்வரன் கோயில் இதுதானா என்று கேட்பார்கள். அடிபம்பில் தண்ணீர் குடித்துவிட்டு, வந்ததற்கு உள்ளே பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போவார்கள். அன்னம்மாள் யாரையும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

என் கணவர் அல்போன்சுக்கு மேரியில் வேலை. நகராட்சி அலுவலகத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை விடவே இல்லை. நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். மூன்று வாரத்துக்கு முன் அந்த வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஊரார் பேசியதையெல்லாம் ஒட்டுக் கேட்டீர்களா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேட்காமல் எப்படி இருப்பது? காதில் மாட்டியிருந்தது அதற்குத்தானே.

திருவிழா கொடியேற்றத்திலிருந்து பத்து நாள். டவுனில் மாங்கனித் திருவிழா முடிந்ததும் வளையல் கடையும் பொரிக்கடையும் குடை ராட்டினமும் மூட்டை கட்டிக்கொண்டு நேரே எங்களிடம் வந்துவிடும். கடைசி நாள் மாலையில் தேர். அதைத் தோளில் தூக்குவதற்குப் பட்டினச்சேரியிலிருந்து நாற்பது மீனவர்கள் வருவார்கள். என்றோ ஒரு புயலில் தப்பித்து வந்ததற்கு அவர்கள் செய்துகொண்ட நேர்ச்சை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பென்ஷன்காரர்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு தேருக்கு முன்னால் நடப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் மெடல் அதே எண்ணிக்கை, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போகும்.

அன்னம்மாள் சுரூபம், அதாவது சிலை, கப்பலில் வந்தது. மரம். ஏறக்குறைய ஆளுயரம். இடக்கையில் சுண்டுவிரல் நுனி கிடையாது. கப்பலில் போனதா, இறக்கும்போது போனதா என்று இரண்டு கட்சிகள் உண்டு.

டேப் படக் கூடாது

சுரூபத்துக்கு அங்கி தைக்கச் சுரூபத்தை அளந்தால் போதாதா, இதற்கு ஒரு பெண்பிள்ளை எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், கல்யாணமாகி அந்த நகருக்கு வந்த புதிதில்.

எங்கள் ஆட்கள் சொன்ன காரணம் இது. நடமாடுகிறவரை அளந்தால் சட்டை, அசையாதவரை அளந்தால் பெட்டி. சவப்பெட்டி செய்கிற ஆசாரி மட்டும்தான் அசையாத உடம்பின் மேல் டேப் வைப்பார். ஆகவே அன்னம்மாள் மேல் டேப் படக் கூடாது.

காதர் பாய் வீட்டில் சொன்ன காரணம் வேறு. பாயின் வாப்பா காலத்திலேயே வேலை அவர்களிடம் வந்துவிட்டது. அங்கி தைப்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் சுரூபத்தைத் தொட்டு அளக்க மாட்டேன், அது எங்கள் மார்க்கத்தில் இல்லை, அதே உடல்வாகில் ஒரு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஆக, இரண்டு தரப்பும் தங்கள் காரணத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நம்பிக்கொண்டு, நாற்பது வருஷம் மற்றவருடைய மரியாதையை மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் அளவு கொடுத்தவர் சூசானா அக்கா. ஏழு பிள்ளை பெற்றவர். பட்டாளத்துக்காரரான கணவரோடு பாரீசுக்குப் போய்விட்டார். போகும்போது தன் ரவிக்கை ஒன்றைக் கோயிலில் கொடுத்து, இது எவளுக்குக் கச்சிதமாக இருக்கிறதோ அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கன்னியர் மடத்து அறையில் வைத்து நகரின் பெண்கள் அத்தனை பேருக்கும் அந்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தார்கள். கொக்கி தெறித்தவர்கள் பாதி. உள்ளே இன்னொருவரும் புகலாம் என்கிற மாதிரி இருந்தவர்கள் மீதி. எனக்கு மட்டும் தைத்துப் போட்டது போல் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அல்போன்சிடம், நான் அன்னம்மாள் அளவு, இனிமேல் குரலை உயர்த்திப் பேசாதீர்கள் என்றேன்.

துண்டுகள்

அங்கிக்குக் கத்தரித்தது போக மிஞ்சும் வெல்வெட்டை விரல் நீளத் துண்டுகளாக நறுக்குவார்கள். ஒரு பித்தளைத் தட்டில் வைத்து நவநாள் ஒன்பதும் அன்னம்மாள் காலடியில் இருக்கும். திருநாள் காலைப் பூசை முடிந்ததும், கோயிலின் பக்கவாசலில் அவற்றைக் கொடுப்பார்கள். பிள்ளையுண்டான பெண்கள் மட்டும் வாங்குவார்கள். இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, பிரசவம் ஆகும்வரை அவிழ்க்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள்தான் என்றில்லை. வரிச்சிக்குடியிலிருந்து குறுவை நடவைப் பாதியில் விட்டுவிட்டு, கணுக்கால் சேறோடு வருகிறவர்களும் உண்டு.

துண்டு கொடுப்பது ஜெயராணி அக்கா. சுரூபம் அலங்கரிக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. கட்டுமஸ்தான குரல், கட்டுமஸ்தான மனுஷி. என்னைத் தங்கை மாதிரி நடத்தினார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அல்போன்சுக்கும் பிள்ளை இல்லை. கடைசிவரை இல்லை. இந்த அத்தியாயத்தின் முடிவில் தொட்டில் ஆடும் என்று யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் சில வருஷங்கள் அழுதேன். அப்புறம் அழுகை நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு திருவிழாவிலும் அந்தப் பக்கவாசல் பக்கம் நான் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். அது மட்டும் நிற்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஜெயராணி அக்காவின் மருமகள் செலின் முழுகாமல் இருந்தாள். பூஞ்சை உடம்பு, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசாத பெண். திருநாளன்று மாமியாரே அவள் கையில் துண்டைக் கட்டினார். ஆவணி பிறந்து பத்து நாளில், ஐந்தாம் மாதத்தில், கலைந்துபோயிற்று.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செலின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மணிக்கட்டில் துணி இல்லை. யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள்.

ஒரு பேச்சு கிளம்புகிறது

பேச்சை யார் முதலில் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரின் குரல்களெல்லாம் என் காது வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. பெயர் எழுதப்போவதில்லை, பேரன் பேத்திகள் இந்தப் பத்திரிகை படிக்கிறார்கள். பேச்சு இதுதான்: பிள்ளை இல்லாதவளை அளந்து வெட்டிய துணி. அதன் மிச்சத்தைக் கட்டினால் வயிறு எப்படித் தங்கும்?

அடுத்த ஆனியில் திருவிழாவுக்கான பெண்கள் கூட்டம் கூடியது. என் முன்னால்தான் பேசினார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில், அன்னம்மாளுக்கே வயதாகும்வரை பிள்ளை இல்லை, அவள் புருஷனின் காணிக்கையை அதற்காகக் கோயிலில் திருப்பி அனுப்பினார்கள் என்று பாரம்பரியம் சொல்கிறது, அதை மறந்துவிடாதீர்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிரசங்கத்துக்குத் தலையாட்டுவது வேறு, மனசு வேறு.

ஜெயராணி அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “யாரையும் குத்தம் சொல்லல. இந்த வருஷம் ஃபுளோரன்ஸ் போயி அளவு கொடுக்கட்டும். ரெண்டு புள்ளக்காரி. அவ்வளவுதான்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கு ஆத்திரம் தொண்டைவரை இருந்தது. ஆனால் பேரக்குழந்தையைப் பறிகொடுத்தவரிடம் வாயாட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அல்போன்ஸ் மேல் பாய்ந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

இழுபடவில்லை

அந்த வருஷத் தேரை மெயின் ரோடு திருப்பத்தில் நின்று பார்த்தேன். ஒரு ரகசியத்தை இப்போது சொல்லிவிடலாம், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதுதான். அங்கி தாறுமாறாக இருக்க வேண்டும் என்று ஒன்பது நாளும் வேண்டிக்கொண்டேன். தோள் பிடிக்க வேண்டும், கீழ்க்கரை தூக்கிக்கொள்ள வேண்டும், பார்க்கிறவர்கள் எல்லாம் தெரேஸ் அளவு போல் வருமா என்று சொல்ல வேண்டும்.

வேண்டுதலுக்கு நியாயம் இருந்தது. ஃபுளோரன்ஸ் என்னைவிட ஒரு சாண் குட்டை. தோள் இரண்டு விரல் குறுகல். அவள் அளவில் தைத்த அங்கி அன்னம்மாளுக்கு முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் வரும்.

பேண்டு வாத்தியம் திரும்பியது. மெடல்காரர்கள் திரும்பினார்கள். பட்டினச்சேரித் தோள்களின் மேல் அன்னம்மாள் வந்தாள். அங்கி கழுத்தில் அழகாக உட்கார்ந்து, தோளில் வழிந்து, பாதத்தில் சரியாக வந்து நின்றிருந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் கைகூப்பினார்கள்.

எனக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு, கூட்டம் கலைந்து வீட்டுக்கு நடக்கும்போது, புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. குட்டையான ஃபுளோரன்சின் அளவில் வெட்டிய துணி நெட்டையான அன்னம்மாளுக்கு எப்படிப் பொருந்தும்?

பழுப்புக் காகிதம்

திங்கட்கிழமை டியூட்டி முடிந்ததும் நேரே காதர் பாய் கடைக்குப் போனேன். திரைக்குப் பின்னாலெல்லாம் போகவில்லை. மிஷின் முன்னாலேயே நின்று கேட்டேன்.

பாய் மழுப்பவில்லை. காலை மிதியிலிருந்து எடுத்தார். ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து மேசையில் விரித்தார். பழுப்புக் காகிதம். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. அங்கியின் முழு வெட்டு. ஓரத்தில் பென்சிலால் சூசானா என்று எழுதியிருந்தது.

“எங்க வாப்பா வெட்டுனது. ஒங்க அளவுல மொத வருஷம் தைச்சேன் தங்கச்சி. கழுத்து நிக்கல, ஒங்க கோயில் உபதேசியார் திருப்பிக் கொண்டாந்துட்டாரு. இத வச்சுத் திரும்ப வெட்டுனேன். அதுலேந்து இதுதான்.”

அதுவரை நான் அளவு கொடுத்தது எட்டு வருஷம். எட்டு ஆனி மாதம் நான் குளித்து, ஜெபம் சொல்லி, வெறும் வயிற்றோடு போய் நிமிர்ந்து நின்றிருக்கிறேன். பிடரியில் பித்தளை முனை. திரைக்கு அந்தப் பக்கம் இவர் ஒவ்வொரு அளவையும் திருப்பிச் சொல்லி எழுதியிருக்கிறார். எல்லாம் கண்துடைப்பு.

அப்புறம் என்னை ஏன் கூப்பிட்டீர்கள், இந்த வருஷம் ஃபுளோரன்சை ஏன் அளந்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் தெருவரை போயிருக்கும். லாத்தா திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“அளவெடுக்காம அங்கி தைக்கிற வழக்கமே ஒங்க கோயில்ல இல்லயேம்மா,” என்றார் பாய். “அத நான் நிறுத்தலாமா?”

லாத்தா ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டு, நீ வந்து நிற்கிற அன்றைக்கு இவர் தொழுகைக்குச் செய்வது போல ஒளு செய்து கைகால் கழுவிக்கொண்டுதான் கத்தரியைத் தொடுவார், மற்ற நாளில் அப்படி இல்லை என்றார். அதைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மீதிப் பாதியோடு வீட்டுக்கு வந்தேன்.

நாக்கு நுனியில் ஒரு வருஷம்

வருகிற வழியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இந்தக் காகிதம் என் கையில் இருக்கிற விடுதலைப் பத்திரம். செலின் கையில் கட்டிய துண்டு என் அளவில் வெட்டியதே இல்லை. ஏழு பிள்ளை பெற்ற சூசானா அக்காவின் அளவில் வெட்டியது. இதை ஒரு தடவை சொன்னால் போதும், என்னைப் பற்றிப் பேசிய வாயெல்லாம் அடைத்துப்போகும். ஆனால் சொன்னால் காதர் பாய் பெயர் கெட்டுவிடும். இரண்டு தலைமுறையாகக் கோயில் வேலை செய்தவர், எங்களை ஏமாற்றினார் என்றாகிவிடும்.

அல்போன்சிடம் மட்டும் சொன்னேன். சொல்லிவிடு, உன் மேல் பழி இருக்கும்போது பாய்க்காக ஏன் பார்க்கிறாய் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

ஒருநாள் ஜெயராணி அக்கா டிரங்க் கால் பேச நிலையத்துக்கு வந்தார். பம்பாயில் வேலை பார்த்த மகனுக்கு, செலினின் புருஷனுக்கு. லைன் கிடைக்க முக்கால் மணி நேரம். பெஞ்சில் அவர் மட்டும், போர்டில் நான் மட்டும். “என் மேல கோவமா தெரேசு?” என்று கேட்டார்.

“கோவந்தாங்கக்கா,” என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செலின் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை, மகன் லீவுக்கு வந்துபோனால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறாள், பிறகு பழையபடி என்றார். தப்பு எங்கே என்று தெரிந்தால் தேவலை, இப்படி ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் கொல்கிறது என்றார்.

அந்தச் சமயத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. துணி சூசானா அளவு என்று நான் சொன்னால் என்ன அர்த்தம்? அளவினால் பிள்ளை போகும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், குற்றவாளி மட்டும் நானில்லை என்று அர்த்தம். நாளைக்கு இன்னொருத்திக்கு இப்படி ஆனால் பாரீசில் இருக்கிற சூசானாவைப் பிடிப்பார்களா? இல்லை, காதர் பாயைப் பிடிப்பார்கள். வேற்று மதத்துக்காரர் ஏமாற்றிவிட்டார், அதனால்தான் என்று அது எங்கேயெல்லாமோ போகும். என் மேல் இருந்த அழுக்கை இன்னொருவர் மேல் துடைத்துவிட்டு நான் சுத்தம் என்று நிற்பதா? எனக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்தேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. என் ரோஷம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பம்பாய் கிடைத்தது. பேசச் சொல்லிவிட்டு, அந்த ஒரு அழைப்பை மட்டும் ஒட்டுக் கேட்காமல் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

அளவு நிற்கவில்லை

அடுத்த ஆனி வந்தது. அன்னம்மாளுக்கு நகைச்சுவை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஃபுளோரன்சுக்கு எட்டாம் மாதம். மூன்றாவது. தோள் எது, இடுப்பு எது என்று சொல்ல முடியாதபடி பூரித்துப்போயிருந்தாள். பிள்ளை பெறுகிறவளைத்தான் அளக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு, பிள்ளை பெறுகிறவளின் அளவு ஓரிடத்தில் நிற்காது என்பது அதுவரை தோன்றவில்லை. மடத்தில் மறுபடி அந்தப் பழைய ரவிக்கையை எடுத்து எத்தனையோ பேருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொக்கிதான் தெறித்தது.

கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜெயராணி அக்கா வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நீதான் வர வேண்டும் என்றார்.

வருகிறேன், ஆனால் ஒன்று, துண்டை நான் கொடுப்பேன் என்றேன்.

அவர் முகம் மாறியது. அந்த வேலை அவருடைய மாமியார் காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் இருந்தது. என் கையால் யார் வாங்குவார்கள் என்று அவர் கேட்கவில்லை, கேட்க நினைத்தது தெரிந்தது. யாரும் வாங்காவிட்டால் தட்டோடு திரும்பிப் போகிறேன், ஒரு வருஷமாகப் பேசியதை எல்லாரும் என் எதிரில் நின்று செய்யட்டும் என்றேன். கடைசியில் சரி என்றார்.

நான் கடைக்குப் போனேன். காதர் பாய் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். லாத்தா டேப்பை வைத்தார். நான் நிமிர்ந்து நின்றேன். முந்திய எட்டு வருஷத்தைவிடவும் நிமிர்ந்து. அன்றைக்கு ஒவ்வொரு அளவையும் பாய் சற்று உரக்கவே திருப்பிச் சொன்னார்.

பக்கவாசல்

திருநாள் காலைப் பூசை முடிந்தது. ஈரக் காற்று. சுற்றிலும் கூடை மல்லிகையும் மெழுகுவத்திப் புகையுமாக வாசனை. பக்கவாசலில் பித்தளைத் தட்டோடு போய் நின்றேன். ஜெயராணி அக்கா எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார்.

வழக்கமாக அந்த வாசலில் தள்ளுமுள்ளாக இருக்கும். அன்று எனக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ. ஒருத்தி ஒரு அடி எடுத்து வைத்தாள். அவளுடைய அம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வரிச்சிக்குடிப் பெண்களுக்கு விவரம் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்கள் நிற்கிறார்களே என்று அவர்களும் நின்றார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் தலையைக் குனியவில்லை. தட்டு கனத்தது. வீம்புக்கு இதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டாமோ என்று, உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் நினைத்தேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் எல்லார் முன்னாலும் அழுதிருப்பேன்.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து செலின் வந்தாள். சாதாரண வாயில் சேலை. மாமியாருக்கு உதவிக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்து வழி விட்டார்கள். அந்தக் காலி இடத்தைக் கடந்து நேரே என் எதிரில் வந்து நின்று, இடது கையை நீட்டினாள்.

“எனக்கு ஒண்ணு கொடுங்கக்கா.”

எனக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. பிள்ளையுண்டானவர்கள் மட்டும் வாங்குகிற துண்டு அது. அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். என் முதுகுக்குப் பின்னால் ஜெயராணி அக்கா மூச்சை இழுத்தது கேட்டது. அவருக்கே அப்போதுதான் தெரிகிறது.

நான் ஒரு துண்டை எடுத்தேன். எடுத்தவள் கொடுக்காமல் நின்றுவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு மறுபடி ஒன்று ஆனால் என்ற பயம், மற்றவர்களுக்கு இருந்த அதே பயம், எனக்குள்ளும் வந்துவிட்டது. திரும்பி, துண்டை ஜெயராணி அக்காவிடம் நீட்டினேன். உங்கள் மருமகள், நீங்களே கட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் என் கையில் இருந்த தட்டை வாங்கிக்கொண்டார். துண்டை வாங்கவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர்.

“நீயே கட்டிவுடு தெரேசு,” என்றார்.

செலினின் மணிக்கட்டு என் இரண்டு விரல் கனம்தான் இருந்தது. இரண்டு முடிச்சுப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்குப் பின்னால் வரிசை நின்றிருந்தது.